புது போன், பழைய ரவுட்டர்: வேகம் எங்கே தொலைகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வைஃபையில் பழைய போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 180 எம்பிபிஎஸ் வருகிறது. இரண்டு நாள் முன்பு வாங்கிய புது போனில், அதே அறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து போட்டால் 35ஐத் தாண்டவில்லை. வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. போன் பழுதா, மாற்றிக் கேட்கலாமா, இல்லை ஃபேக்டரி ரீசெட் போட்டால் சரியாகுமா?

மாற்றிக் கேட்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், ஃபேக்டரி ரீசெட் வேண்டவே வேண்டாம். ரீசெட் போட்டால் எல்லா ஆப்பும் மறுபடி இறங்க வேண்டும், அதுவே இன்னொரு நாளைத் தின்றுவிடும். நீங்கள் கொடுத்திருக்கும் இரண்டு எண்களே பாதி வேலையை முடித்துவிட்டன. பழைய போனுக்கு 180 வருகிறது என்றால் வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்பு நன்றாக இருக்கிறது, ரவுட்டரும் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆக, தகராறு ரவுட்டருக்கும் புது போனுக்கும் நடுவிலுள்ள நாலைந்து மீட்டர் காற்றில் இருக்க வேண்டும், இல்லையென்றால் போனுக்குள்ளே இருக்க வேண்டும். இதை யோசிக்காமல் பலர் எடுத்த எடுப்பில் இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சண்டை போடுவார்கள். அவர்கள் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். அதோடு அன்றைய பொழுது போச்சு.

முதலில் ஒரு சின்ன விஷயம். வாங்கி இரண்டு நாள்தானே ஆகிறது? பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் இதற்கு மாற்றியிருப்பீர்கள். அப்படியானால் உங்கள் புது போன் இப்போது சும்மா இல்லை. திரை அணைந்திருக்கும்போதுகூட ஆப்களை இறக்கிக்கொண்டிருக்கும், சிஸ்டம் அப்டேட்டை இழுத்துக்கொண்டிருக்கும், சாட் ஆப்பின் பழைய படங்களைத் திரும்பக் கொண்டுவந்துகொண்டிருக்கும். இதில் உண்மையான வில்லன் படங்களின் பேக்கப். புது போனில் வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, இவை ஏற்கெனவே மேலே கிளவுடில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும், இல்லாதவற்றை ஏற்றும். வீட்டு இணைப்புகள் பலவற்றில் மேலே ஏற்றும் வேகம் கீழே இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. ஏற்றும் பாதை நிரம்பிவிட்டால் இறக்கமும் சேர்ந்து படுத்துவிடும், ஏனென்றால் எதை இறக்கினாலும் 'வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு' என்ற சின்னச் சின்னப் பதில்கள் அந்த ஏற்றும் பாதை வழியாகத்தான் போக வேண்டும், அவை வரிசையில் காத்துக்கிடக்கும். அந்த நேரத்தில் இந்தப் போன் மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும் இழுக்கும். எனவே படங்களின் பேக்கப்பை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு, ஆப் கடையில் இறங்கிக்கொண்டிருப்பவற்றையும் நிறுத்திவிட்டு, அப்புறம் அளந்து பாருங்கள். எண் குதித்து ஏறினால் விஷயம் அங்கேயே முடிந்தது. இரவு சார்ஜில் போட்டு வைஃபையில் விட்டுவிட்டுத் தூங்குங்கள், ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும்.

அளப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அளங்கள். வைஃபை சுமாராக இருக்கும்போது சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவையும் சேர்த்துக்கொள்ளும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது, அது ஓடினால் நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்றே தெரியாது. இரண்டு போன்களிலும் ஒரே ஆப், ஒரே சர்வர், ஒன்றன்பின் ஒன்றாக, மூன்று தடவை. இரண்டிலும் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்றின் பங்கை மற்றது பிடுங்கிக்கொள்ளும். இன்னொன்று: டவுன்லோடு ஓடும்போது திரையில் '12 எம்பி' என்று பார்த்துவிட்டு 100 வர வேண்டிய இடத்தில் 12தான் வருகிறது என்று பதறுபவர்கள் உண்டு. இணைப்பின் வேகத்தைச் சொல்லும் எம்பிபிஎஸ் மெகாபிட் கணக்கு, டவுன்லோடில் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. 8ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 12.5 என்பதுதான் 100.

சரி, பேக்கப்பை நிறுத்திய பிறகும் 35தான் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். என் பந்தயம், ரவுட்டர் பேசும் அலைவரிசைகளில் (பேண்டு என்பார்கள்) உங்கள் போன் மெதுவான 2.4 ஜிகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கிறது, பழைய போன் 5இல் இருக்கிறது. அந்த 35 என்ற எண்ணைப் பார்த்ததுமே எனக்கு அப்படித்தான் தோன்றியது. நெரிசலான இடத்தில் 2.4இல் 30, 40 என்பதுதான் வழக்கமாகக் காணக்கூடிய எண்.

பந்தயம் எதற்கு, பார்த்தே விடலாம். ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் வைஃபை பக்கம் போய், இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் பற்சக்கரத்தைத் தொடுங்கள். போனுக்குப் போன் இடம் மாறும், சிலவற்றில் இன்னொரு 'மேலும்' என்ற பொத்தானுக்குள் ஒளிந்திருக்கும், ஆனால் பெரும்பாலும் இரண்டு விவரம் கிடைத்துவிடும்: அதிர்வெண் 2.4ஆ 5ஆ, இணைப்பு வேகம் எவ்வளவு. ஐபோனின் செட்டிங்ஸில் இதைக் காட்ட மாட்டார்கள். அதற்கு ரவுட்டரின் பக்கத்துக்குள் போக வேண்டும். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பல ரவுட்டர்கள் திறக்கும், சரியான முகவரி ரவுட்டரின் அடியிலுள்ள ஸ்டிக்கரில் அச்சாகியிருக்கும். உள்ளே, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் எது எந்தப் பேண்டில் இருக்கிறது என்று தெரியும்.

அந்த இணைப்பு வேகம் என்ற எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டால் ஜாதகம் பார்த்த மாதிரி. 72 என்றோ 144 என்றோ இருந்தால் அது 2.4இல் வைஃபை 4 (வைஃபை 4, 5, 6 என்பவை தலைமுறைகள், எண் ஏற ஏறப் புதியது). 433 என்றால் 5இல் வைஃபை 5, ஒரே ஒரு ஆன்டெனா. 866 என்றால் அதுவே இரண்டு ஆன்டெனா. 1201 என்றால் வைஃபை 6, இரண்டு ஆன்டெனா, ரவுட்டரோடு பேசும் பாதையின் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். 2402 வந்தால் அகலம் 160. இவையெல்லாம் உச்ச எண்கள், ரவுட்டரை விட்டு விலக விலகக் குறையும். கைக்குக் கிடைக்கும் வேகமோ அதிலும் பாதி, நல்ல நாளாக இருந்தால் அறுபது எழுபது சதவீதம். மீதி எல்லாம் போனும் ரவுட்டரும் ஒன்றுக்கொன்று முறை கேட்டுக்கொள்வதிலும் பதில் சொல்லிக்கொள்வதிலும் போய்விடும். ஆகவே 72 காட்டும் இணைப்பில் 35 வருவது பழுது இல்லை, அதன் இயல்பே அவ்வளவுதான்.

புது போன் ஏன் 2.4இல் போய் உட்கார்கிறது? பல வீடுகளில் ரவுட்டர் இரண்டு பெயர்களை ஒலிபரப்பும், ஒன்று வெறும் பெயர், இன்னொன்று அதே பெயருக்குப் பின்னால் 5ஜி என்று ஒட்டியது. (இந்த 5ஜிக்கும் சிம் கார்டின் 5ஜிக்கும் சம்பந்தமே இல்லை, இப்படிப் பெயர் வைத்தவரை எங்காவது பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.) அவசரத்தில் முதலில் கண்ணில் பட்டதைத் தொட்டு பாஸ்வேர்டு போட்டிருப்பீர்கள். இரண்டுக்கும் ஒரே பெயராக இருந்தால் எதில் சேருவது என்பதை போனும் ரவுட்டரும் பேசி முடிவு செய்யும், சில சமயம் தப்பாக முடிவு செய்யும். 2.4இன் சிக்னல் தூரம் போகும், சுவரைத் தாண்டியும் கோடுகள் நிறையத் தெரியும், அதனால் மாடிப்படி ஏறும்போது அதற்குத் தாவிய போன், திரும்ப ரவுட்டர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்த பிறகும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நான்கு கோடு முழுசாக இருக்கிறதே என்று நீங்கள் நினைப்பீர்கள். கோடு என்பது சத்தம் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைத்தான் சொல்லும், கூட்டத்தில் எத்தனை பேர் கத்துகிறார்கள் என்பதைச் சொல்லாது.

அந்தக் கூட்டம்தான் 2.4இன் சாபம். மொத்த இடமே சுமார் 80 மெகாஹெர்ட்ஸ்தான். அதைக் கூறுபோட்ட பாதைகளான சேனல்களின் எண்கள் 13 வரை இருந்தாலும் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடப்பவை. ஒன்றோடொன்று உரசாமல் நிற்பவை 1, 6, 11 என்ற மூன்றே மூன்று. அக்கம்பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் அந்த மூன்றுக்குள் அடைந்துகிடக்க வேண்டும். புளூடூத்தும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பு கசிவதும் அங்கேதான். போதாக்குறைக்கு வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம், மற்றவர்கள் வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். அதனால் தூரத்து அறையிலிருக்கும் ஒரு பழைய, மெதுவான கருவி நிதானமாக இழுத்து இழுத்துப் பேசினால், வேகமான புது போனும் அது முடிக்கும் வரை கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

ஆகவே 5இன் பெயரைத் தேர்ந்தெடுத்துச் சேருங்கள், 2.4இன் பெயரில் 'மறந்துவிடு' கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி அங்கே ஓடும். ஒரே பெயர் என்றால் ரவுட்டர் பக்கத்தில் போய் இரண்டையும் தனிப் பெயராகப் பிரித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் என்று விற்கும் அந்த ஒருங்கிணைந்த வசதி நல்ல ரவுட்டர்களில் நன்றாகத்தான் வேலை செய்கிறது, சாதாரண ரவுட்டர்களில் நான் நம்புவதில்லை. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: 5 ஜிகாஹெர்ட்ஸ் கான்கிரீட் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இரண்டு சுவர் தாண்டிய அறையில் உட்கார்ந்து 5ஐப் பிடித்துத் தொங்குவதைவிட அங்கே 2.4 மேல். ரவுட்டரை இரும்பு அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள்.

5இன் பெயரே புது போனில் தெரியவில்லை, பழைய போனில் தெரிகிறது என்றால்? ரவுட்டர் எந்தச் சேனலில் இருக்கிறது என்று பாருங்கள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. ரவுட்டர் அங்கே போகும் முன் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும், ரேடார் சத்தம் கேட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். போன்கள் அந்தச் சேனல்களைத் தேடுவதில் சுணங்கும். வேறு நாட்டுக்கென்று செய்த போனாக இருந்தால் சில சேனல்களைப் பார்க்காமலே விட்டுவிடவும் செய்யும். ரவுட்டரில் சேனலை 36 என்று கையால் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் உடனே பெயர் தெரியும். அப்போதும் தெரியவில்லை என்றால் போனின் பெட்டியைப் படியுங்கள். விலை குறைந்த சில புது போன்களில் 5 ஜிகாஹெர்ட்ஸ் கிடையவே கிடையாது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஐந்து வருடப் பழைய உயர்ரகப் போனிலிருந்து நேற்று வந்த சிக்கன போனுக்கு மாறினால் கேமராவும் பேட்டரியும் ஏறியிருக்கும், வைஃபை இறங்கியிருக்கும். 866இல் இருந்தவர் 433க்கு வந்திருப்பார். இதற்கு எந்த செட்டிங்ஸிலும் மருந்து இல்லை.

இனி வேறொரு அடையாளம். ஸ்பீடு டெஸ்ட் ஓடும்போது முள்ளைக் கவனியுங்கள். காற்றில் பிரச்சினை என்றால் முள் ஆடும், 20, 48, 31 என்று குதிக்கும். மூன்று தடவை போட்டாலும் சொல்லிவைத்த மாதிரி ஒரே எண்ணில், கோடு போட்டது போல் நின்றால் யாரோ பூட்டு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். உறவினர் ஒருவர் வீட்டில் புது போனுக்கு எப்போது போட்டாலும் 9.6, 9.7 என்றே வந்தது. ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால், முன்பு எப்போதோ வந்து போகிறவர்களுக்காக 'அறிமுகமில்லாத கருவிக்கு 10 எம்பிபிஎஸ்' என்று அவரே போட்ட விதி. வீட்டுப் போன்களின் மேக் முகவரிகளை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) தனியாகச் சேர்த்து விலக்கு கொடுத்திருந்தார், மறந்தும் போயிருந்தார். புது போன் வந்ததும் அதையும் சேர்த்தார், அப்படியும் சரியாகவில்லை, ஏனென்றால் அவர் சேர்த்தது போனின் நிஜ மேக் முகவரி. ஆண்ட்ராய்டு 10 வந்த 2019இலிருந்தும் ஐபோனில் ஐஓஎஸ் 14 வந்த 2020இலிருந்தும் போன்கள் வைஃபையில் நிஜ முகவரியைக் காட்டாமல் தாமாக உருவாக்கிய ஒரு முகவரியைத்தான் காட்டுகின்றன. பொது இடங்களில் நம்மைப் பின்தொடராமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. வீட்டு ரவுட்டரில் கருவி வாரியாக விதி போட்டிருப்பவர்கள், அந்த ஒரு வைஃபை பெயருக்கு மட்டும் அதை அணைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் போன் காட்டும் அந்தப் புது முகவரியையே ரவுட்டரில் சேர்க்கலாம்.

இதே போல உச்சவரம்பு வைக்கும் இன்னொரு பழைய பூதம் டிகேஐபி என்ற பழங்காலக் குறியாக்க முறை. ரவுட்டரின் பாதுகாப்புப் பகுதியில் டபிள்யூபிஏ, டிகேஐபி என்று இருந்தால் இணைப்பு வேகம் 54க்கு மேல் ஏறாது, வைஃபை 4இலிருந்து வந்த வேகங்கள் எதையும் அதோடு பயன்படுத்த விதியே அனுமதிப்பதில்லை. ஐபோனில் பெயருக்குக் கீழே பாதுகாப்பு பலவீனம் என்று எச்சரிக்கை வந்தால் இதுவாக இருக்கலாம். டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று மாற்றுங்கள், எல்லாக் கருவிகளும் புதியவை என்றால் டபிள்யூபிஏ3.

அப்புறம் புளூடூத். புது போனோடு புது இயர்பட்ஸும் வாங்கினீர்களா? போனுக்குள் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே சிப்பில் குடியிருப்பவை, 2.4இல் இருக்கும்போது நீ கொஞ்சம் நான் கொஞ்சம் என்று நேரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். பாட்டு கேட்டுக்கொண்டே இறக்கினால் வேகம் சரியும். 5க்குப் போய்விட்டால் இந்தச் சண்டை இல்லை.

கவரைச் சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது. போன தடவை போன் மாற்றியபோது இரண்டு வாரம் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். சேனல் மாற்றினேன், இடம் மாற்றினேன், ரவுட்டரின் மென்பொருளைக்கூடப் புதுப்பித்தேன். ஒரு நாள் போனைத் துடைக்கலாம் என்று கவரைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தேன், சிக்னல் அளக்கும் ஆப் தற்செயலாகத் திறந்திருந்தது, -64 டிபிஎம் (சிக்னலின் வலுவை அளக்கும் அலகு) என்றிருந்தது -54க்கு வந்து நின்றது. கழித்தல் குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் எண் சிறியதாக இருப்பதே நல்லது. 10 டெசிபல் என்றால் கேட்கும் சக்தியில் பத்து மடங்கு வித்தியாசம். கவருக்கும் போனுக்கும் நடுவில், காரில் காந்தத் தாங்கியில் ஒட்டுவதற்காக நானே செருகிவைத்த மெல்லிய இரும்புத் தகடு, சரியாக ஆன்டெனா இருக்கும் மூலையை மூடிக்கொண்டிருந்தது. உங்களுடையது சாதாரண ரப்பர் கவர் என்றால் கவலை இல்லை. உலோகச் சட்டமோ தகடோ இருந்தால் கழற்றிவிட்டு ஒரு தடவை அளந்து பாருங்கள். பொதுவாக -50ஐ ஒட்டி இருந்தால் அருமை, -67 வரை பரவாயில்லை, -75ஐத் தாண்டினால் எந்தப் போனும் திணறும்.

ஸ்பீடு டெஸ்டில் எண் நன்றாக வந்தும் பக்கங்கள் மட்டும் மூன்று நான்கு விநாடி வெள்ளையாக நின்று திடீரென்று மொத்தமாகத் திறக்கிறது என்றால் அது வேறு நோய். பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் தாமதிக்கிறது. ஆண்ட்ராய்டில் தனிப்பட்ட டிஎன்எஸ் என்ற இடத்தில், விளம்பரம் தடுக்க நீங்கள் எப்போதோ போட்டது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, தானியங்கிக்கு மாற்றுங்கள். எல்லாவற்றையும் வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் ஓடுகிறதா என்றும் பாருங்கள். சில வைரஸ் தடுப்பு ஆப்கள் பின்னணியில் ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கும், திரையின் மேலே சின்னச் சாவி தெரியும். டேட்டா சேமிப்பு, பேட்டரி சேமிப்பு இரண்டையும் சோதனைக்காக அணைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் அசையவில்லை என்றால் அப்போது ரீசெட், ஆனால் நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட் மட்டும். உங்கள் படங்களையும் ஆப்களையும் அது தொடாது, சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் ஜோடிகளும் போய்விடும். ஆண்ட்ராய்டில் அதே பகுதியில் இசிம்மை (போனுக்குள்ளேயே இருக்கும் மின்னணு சிம்) அழிக்கும் வாய்ப்பும் இருக்கும், அதில் கை வைத்துவிடாதீர்கள்.

போனே பழுதா என்று தீர்மானிக்க ஒரே ஒரு நேர்மையான சோதனைதான் உண்டு. கவரைக் கழற்றி, ரவுட்டரிலிருந்து இரண்டு மீட்டரில், நடுவில் எதுவும் இல்லாமல், 5 ஜிகாஹெர்ட்ஸில் சேர்த்து இணைப்பு வேகத்தைப் பாருங்கள். அப்புறம் வேறொரு வைஃபையில், நண்பர் வீட்டிலோ இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்டிலோ, அதே போலப் பாருங்கள். ஹாட்ஸ்பாட் தருவது ஐபோன் என்றால் 'அதிகபட்சப் பொருத்தம்' என்ற பொத்தான் அணைந்திருக்க வேண்டும், அது எரிந்தால் ஹாட்ஸ்பாட் 2.4க்கு இறங்கிவிடும். இரண்டு இடத்திலும் 866 வர வேண்டிய போன் 100க்குக் கீழேயே தள்ளாடினால், அல்லது அவ்வளவு பக்கத்திலும் சிக்னல் -70ஐத் தொட்டால், உள்ளே ஆன்டெனா சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். மாற்றிக் கேட்கும் நாள் கடப்பதற்குள் கொண்டுபோங்கள். போகும்போது ஸ்பீடு டெஸ்ட் படத்தை மட்டும் எடுத்துப் போனால் 'உங்கள் இன்டர்நெட்தான் சரியில்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதிர்வெண்ணும் இணைப்பு வேகமும் தெரியும் திரையை இரண்டு இடத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே பழைய போனின் அதே திரையையும். ஐபோன் என்றால் அதே விவரத்தை ரவுட்டரின் பட்டியலிலிருந்து எடுங்கள்.